டிரிப்பனோசோமாவில் புரதத்துக்கு டேக் இட்டு இருப்பிடம் காணுதல்: முழுமையான வழிகாட்டி

டிரிப்பனோசோமா புரூசி என்னும் ஒட்டுண்ணியின் கிளைக்கோசோம் (சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள் அடங்கிய சிற்றுறுப்பு) நொதி ஒன்றை எடுத்து, அதன் சி-முனையில், அதாவது புரதச் சங்கிலி முடியும் முனையில், பச்சை ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், செல் முழுவதும் பச்சை சீராகப் பரவிய தெளிவான படம் கிடைக்கக்கூடும். படத்தில் குறை இருக்காது. அது சொல்லும் செய்திதான் பொய். பல கிளைக்கோசோம் நொதிகளின் கடைக்கோடியில் செரின், லைசின், லூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களோ அவற்றை ஒத்த வேறு மூன்றோ முகவரிபோல் அமைந்திருக்கின்றன. அந்த முகவரிக்குப் பின்னால் நாம் ஒரு டேக்கை, அதாவது ஒளிரும் புரதம் போன்ற ஓர் அடையாளத்தை, ஒட்டியதும் அது கடைக்கோடியாக இல்லாமற்போகிறது. புரதம் வழி தெரியாமல் சைட்டோபிளாசத்தில் தங்கிவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியும், ஒரு புரதத்தின் இருப்பிடத்தைக் காண்பதற்கு எவ்வளவு உதவுகிறதோ அதே அளவுக்கு இத்தகைய பொய்களைப் பிடிப்பதற்கும் உதவ வேண்டும் என்ற எண்ணத்துடன் எழுதப்பட்டது.

ஏன் இந்த ஒட்டுண்ணி

ட்செட்சி ஈக்கள் பரப்பும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் காரணமான இனம் இது. இதன் மரபணுத்தொகுதி 2005-இல் வெளியானது. 11 பெரிய குரோமோசோம்களில் ஏறத்தாழ 9,000 மரபணுக்கள் இருப்பதும், அவற்றில் பாதியளவின் பணி என்னவென்றே தெரியாதிருப்பதும் அப்போதே புலப்பட்டன. ஆய்வாளருக்கு இது தரும் வசதிகள் இரண்டு. முதலாவது, வெளியிலிருந்து செலுத்தும் டி.என்.ஏ. துண்டின் இரு ஓரங்களும் குரோமோசோமின் ஏதேனும் ஓர் இடத்தோடு வரிசையில் ஒத்திருந்தால், ஒத்தவரிசை மறுசேர்க்கை வழியாகச் செல் அத்துண்டை அதே இடத்தில் பிழையின்றிப் பொருத்திக்கொள்கிறது. இரண்டாவது, இதன் மரபணுக்களில் இன்ட்ரான்கள் (இடையில் வந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) அநேகமாக இல்லை. வழக்கமான முறையில் இன்ட்ரான் வெட்டப்படும் மரபணுக்களாக அறியப்பட்டவை இரண்டே. ஆகவே மரபணுவின் முதலும் முடிவும் எங்கே என்று தேட வேண்டிய சிரமம் குறைவு.

முன்பெல்லாம் டேக் இட்ட மரபணுவின் கூடுதல் படி ஒன்றைச் செல்லில் வைத்து, டெட்ராசைக்ளின் கொடுத்து வெளிப்படுத்துவார்கள். அம்முறையில் புரதம் இயல்பைவிட அதிகமாக உற்பத்தியாகி, இடம் போதாத கல்யாண வீட்டு விருந்தாளிகளைப் போலக் கிடைத்த இடங்களிலெல்லாம் நிரம்பிவிடும். ஆதலால் இருப்பிடம் காண்பதே நோக்கம் என்றால், மரபணுவை அதன் சொந்த இடத்திலேயே டேக் இடுவதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

தொடங்கும் முன்

முதலில் டிரிப்டேக் தரவுத்தளத்தைத் திறந்து பாருங்கள். பூச்சியின் குடலில் வாழும் புரோசைக்ளிக் வடிவத்தில், புரதத்தொகுதியின் 89 விழுக்காட்டுக்கான இருப்பிடங்களை அத்திட்டத்தினர் 2023-இல் முழுமையாக வெளியிட்டனர். உங்கள் புரதத்தின் படம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இருந்தும் நீங்களே டேக் இட வேண்டிய காரணங்கள் உண்டு: இரத்த வடிவத்தில் அப்புரதம் எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி, ஒரு மரபணுவை நீக்கிய செல்லில் மற்றொரு புரதம் இடம் மாறுகிறதா என்பதும் வேறு கேள்வி. ஆனால் தரவுத்தளத்தில் இரு முனைகளின் படங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அந்த முரண்தான் உங்கள் திட்டத்தின் முதல் தடயம்.

பாதுகாப்பு குறித்து ஒரு சொல். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் புரூசி துணையினம் மனிதரைத் தொற்றுவதில்லை. நம் குருதியிலுள்ள ஏ.பி.ஓ.எல்.1 என்ற புரதம் அதைக் கொன்றுவிடுகிறது. இந்தக் காப்பு எல்லோருக்கும் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். கால்நடைகளைத் தாக்கும் நெருங்கிய உறவினமான டிரிப்பனோசோமா இவான்சியின் தொற்று மகாராஷ்டிரத்தில் ஒருவருக்கு ஏற்பட்டு, ஆராய்ந்தபோது அவர் குருதியில் ஏ.பி.ஓ.எல்.1 செயல்படாதிருந்தது தெரியவந்தது. ஊசி குத்தும் வேலைகளில் கவனமும், மரபணு மாற்றத்துக்கு நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை.

முதற்படி: எந்த முனை

ப்ரைமர் (டி.என்.ஏ.வைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. இழை) வரைவதற்கு முன் அரை நாள் இதற்கே செலவிடுங்கள். ஆய்வில் பின்னர் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. புரதத்தின் அமினோ அமில வரிசையை டிரைடிரிப்-டிபி என்ற மரபணுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, இரு முனைகளையும் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.

புரதச் சங்கிலி தொடங்கும் என்-முனையில் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்லும் முன்வரிசையோ, சுரப்புப் பாதைக்குரிய சமிக்ஞைத் தொடரோ இருந்தால் அங்கே டேக் ஒட்டக் கூடாது. டிரிப்பனோசோமாவின் மைட்டோகாண்ட்ரிய முன்வரிசைகளில் சில, பத்து அமினோ அமிலங்களைக்கூட எட்டாதவை என்பதால், பிற உயிரினங்களுக்காக எழுதப்பட்ட கணிப்பு மென்பொருள்கள் அவற்றைத் தவறவிடுவது உண்டு. தொடக்க மெத்தியோனினை அடுத்துக் கிளைசின் இருந்தால், அங்கே ஒரு கொழுப்பமிலம் ஒட்டி அப்புரதத்தைச் சவ்வோடு பிணைக்கும் வாய்ப்பு உண்டு. செல்லை நீந்தவைக்கும் வால் போன்ற கசையிழையின் சவ்வில் அமரும் கால்ஃப்ளாஜின் புரதங்கள் இவ்வகையின. அந்த முனையையும் தொடாதீர்கள்.

சி-முனையில் மேலே சொன்ன கிளைக்கோசோம் முகவரி இருக்கிறதா, புரதத்தைச் சவ்வில் பிணைக்கும் ஜி.பி.ஐ. நங்கூரத்துக்கான வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.பி.ஐ. வரிசையைச் செல்லே வெட்டி எறிந்துவிடுவதால், அதன் பின்னால் ஒட்டிய டேக்கும் சேர்ந்தே போய்விடும். கிளைக்கோசோம் புரதம் என்றால் எப்போதும் என்-முனை என்று விதி செய்துவிடவும் முடியாது. அல்டோலேஸ் என்ற கிளைக்கோசோம் நொதியின் முகவரி இன்னொரு வகையைச் சேர்ந்தது. அது என்-முனையிலேயே இருக்கிறது.

இவற்றுக்கு அப்பால், இந்த ஒட்டுண்ணிக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசைகளாக ஒரே ஓட்டத்தில் படியெடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வின் தலையிலும் 39 நியூக்ளியோடைடு கொண்ட ஒரே தொடர் பின்னர் ஒட்டப்படுகிறது. தனி மரபணுவுக்குத் தனி முடுக்கி (படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் வரிசை) இல்லாத நிலையில், எந்தப் புரதம் எந்த வாழ்க்கைக் கட்டத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் குறியீட்டுப் பகுதியை அடுத்து வரும் 3' பகுதியே தீர்மானிக்கிறது. சி-முனையில் டேக் இடும்போது நாம் செருகும் துண்டு அந்த 3' பகுதியை இயல்பான இடத்திலிருந்து பிரித்து, வேறொன்றை வைத்துவிடுகிறது. என்-முனையில் டேக் இட்டால் அது அப்படியே நிலைக்கும். மாறுவது குறியீட்டுப் பகுதிக்கு முன்னிருக்கும் 5' பகுதி மட்டுமே. எனவே புரதத்தின் அளவும் உங்களுக்கு முக்கியம் என்றால் என்-முனைக்கே சற்று முன்னுரிமை தரலாம்.

தடை எதுவும் தெரியாத புரதத்துக்கு இரு முனைகளிலும், தனித்தனிச் செல்வரிசைகளில், டேக் இடுங்கள். செலவு இரட்டிப்பாகும் என்ற முணுமுணுப்பு எழும். ஒரு முனையை மட்டும் நம்பி ஆறு மாதம் தவறான உறுப்பைத் துரத்துவதைவிட இரண்டு ப்ரைமர்கள் மலிவானவை.

இரண்டாம் படி: டேக்கும் பிளாஸ்மிட்டும்

இருப்பிடம் காண எம்-நியான்கிரீன் என்ற ஒளிரும் புரதம் நல்ல தேர்வு. இது கடலில் வாழும் ஆம்பியாக்சஸிலிருந்து பெறப்பட்டு 2013-இல் அறிமுகமானது. ஜெல்லிமீனிலிருந்து வந்த ஜி.எஃப்.பி.யின் மேம்பட்ட வடிவத்தைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பிரகாசமானது. குறைவாக வெளிப்படும் புரதங்களைச் சொந்த இடத்தில் டேக் இடுகையில் இந்தப் பிரகாசம் பெரிதும் உதவும். மூலம் வேறு என்பதால் ஜி.எஃப்.பி.க்கான எதிர்ப்பொருள்கள் இதைப் பிடிக்காது. இதை மறந்து வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்து எதிர்ப்பொருளால் காணும் சோதனையில்) ஒன்றும் தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. இந்தக் குறையை ஈடுசெய்ய, 10 அமினோ அமிலங்களே கொண்ட டிஒய் என்னும் சிறு டேக்கையும் உடன் சேர்த்திருக்கும் பிளாஸ்மிட்டை (டேக்கைத் தாங்கிய வட்ட டி.என்.ஏ.வை) தேர்ந்தெடுங்கள். அதை பிபி2 என்ற எதிர்ப்பொருள் தெளிவாகப் பிடிக்கும்.

பிளாஸ்மிட்டாக 2015-இல் வெளியான பிபாட் தொகுதியைப் பரிந்துரைப்பேன். இம்முறையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனியே குளோனிங் செய்ய வேண்டியதில்லை. டேக், மருந்தெதிர்ப்பு மரபணு, இரண்டுக்கும் இடையே தூது ஆர்.என்.ஏ.வைச் சரியாக வெட்டிச் சீராக்குவதற்கான இடைப்பகுதி ஆகிய மூன்றும் பிளாஸ்மிட்டில் தயாராக உள்ளன. நீளமான ப்ரைமர்களால் அவற்றை, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, அந்தத் துண்டையே செல்லுக்குள் செலுத்திவிடலாம்.

மூன்றாம் படி: ப்ரைமர்

ஒவ்வொரு ப்ரைமரும் ஏறத்தாழ 100 நியூக்ளியோடைடு நீளம் கொண்டது. முன்பகுதியில் உள்ள 80, குரோமோசோமில் பொருந்த வேண்டிய இடத்தின் வரிசை. பின்பகுதியில் உள்ள 20 அளவிலான வரிசை பிளாஸ்மிட்டில் ஒட்டிக்கொள்வது.

சி-முனைக்கு, முன்னோக்கு ப்ரைமரில் மரபணுவின் கடைசி 80 நியூக்ளியோடைடுகளை நிறுத்தக் குறியீட்டை விட்டுவிட்டு எழுத வேண்டும். பின்னோக்கு ப்ரைமரில் நிறுத்தக் குறியீட்டை அடுத்து வரும் 80-ஐத் தலைகீழ் இணைவரிசையாக எழுத வேண்டும். என்-முனைக்கு, முன்னோக்கு ப்ரைமர் தொடக்கக் குறியீட்டுக்கு உடனே முன்னிருக்கும் 80-ஐயும், பின்னோக்கு ப்ரைமர் மரபணுவின் முதல் 80-இன் தலைகீழ் இணைவரிசையையும் கொண்டிருக்கும். நிறுத்தக் குறியீட்டை நீக்க மறப்பதும், டேக்குடன் சேரும் இடத்தில் வாசிப்புச் சட்டகம் ஓர் எழுத்து நழுவுவதும்தான் இங்கே நேரும் வழக்கமான பிழைகள். ஆணை அனுப்புவதற்கு முன், செருகல் முடிந்த பிறகு குரோமோசோம் எப்படி இருக்கும் என்பதை முழு வரிசையாகக் கணினியில் எழுதி, அதை அமினோ அமிலங்களாக மொழிபெயர்த்து, மரபணுவும் டேக்கும் இடையில் உடையாமல் ஒரே புரதமாக வருகின்றனவா என்று சரிபாருங்கள்.

நெருங்கி ஒத்த படிகள் அருகருகே அடுக்கப்பட்ட மரபணுக்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. டியூபுலின் மரபணுக்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 80 நியூக்ளியோடைடும் எல்லாப் படிகளிலும் ஒன்றாக இருந்தால், துண்டு எந்தப் படியில் அமர்ந்தது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

நான்காம் படி: பிசிஆர்

நீளமான ப்ரைமர்கள் தமக்குள்ளேயே மடிந்துகொள்ளும் இயல்புடையவை. பிழைதிருத்தும் திறன் கொண்ட பாலிமரேஸையும் சிறிதளவு டி.எம்.எஸ்.ஓ.வையும் பயன்படுத்தி, ஒட்டும் வெப்பநிலையை 65 டிகிரியில் தொடங்கி, 30 சுழற்சிகள் ஓட்டுங்கள். பிளாஸ்மிட்டைச் சில பத்து நானோகிராமுக்கு மேல் போட வேண்டாம். விளைபொருளில் 2 மைக்ரோலிட்டரை ஜெல்லில் ஓட்டி, பிளாஸ்மிட் வரைபடத்திலிருந்து முன்பே கணக்கிட்ட அளவில் ஒற்றைப் பட்டை இருப்பதை உறுதிசெய்யுங்கள். பட்டை மங்கலாக இருந்தால் ஒரே கலவையை நான்கைந்து குழாய்களில் ஓட்டிச் சேர்த்துக்கொள்வது, நிபந்தனைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட விரைவான தீர்வு. எத்தனால் கொண்டு டி.என்.ஏ.வை வீழ்படிவாக்கி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் கரைத்தால் துண்டு தயார்.

ஐந்தாம் படி: செல்லுக்குள் செலுத்துதல்

புரோசைக்ளிக் செல்களை எஸ்.டி.எம்.-79 வளர்ப்பூடகத்தில் 10 விழுக்காடு கன்றுக் கருச்சீரத்தோடு 28 டிகிரியில் வளர்க்க வேண்டும். மில்லிலிட்டருக்குச் சுமார் 50 லட்சம் செல்கள் என்ற அளவில், மடக்கை வளர்ச்சியில் அவை துடிப்பாக நீந்தும்போது எடுங்கள். ஒரு கோடியைத் தாண்டிக் களைத்துப்போன வளர்ப்பைக் கொண்டு முயன்று தோற்றால் பழி ப்ரைமர் மேல் விழும். குற்றம் செல்லின் மேலும் இருக்காது, உங்கள் நாட்காட்டியின் மேல்தான்.

மூன்று கோடி செல்களை மெதுவான சுழற்சியில் வீழ்த்தி, சைட்டோமிக்ஸ் கரைசலில் ஒருமுறை கழுவி, டி.என்.ஏ.வோடு கலந்து, மின்துடிப்பு கொடுக்க வேண்டும். நியூக்ளியோஃபெக்டர் கருவி இருந்தால் எக்ஸ்-001 என்ற நிரல் பரவலாகப் பயன்படுகிறது. துடிப்பு முடிந்ததும் தாமதமின்றி வெதுவெதுப்பான ஊடகத்துக்கு மாற்றுங்கள். டி.என்.ஏ. சேர்க்காமல் அதே துடிப்பைப் பெற்ற ஒரு குழாயையும் கட்டாயம் வைத்திருங்கள். பின்னர் மருந்தில் எல்லாம் செத்தனவா என்று சொல்லக்கூடிய சாட்சி அது ஒன்றே.

ஆறாம் படி: தேர்வு

செல்கள் மீண்டு, எதிர்ப்பு மரபணுவை வெளிப்படுத்துவதற்கு 6 மணி நேரம் முதல் ஓர் இரவு வரை விட்டு, பிறகு மருந்தைச் சேருங்கள். புரோசைக்ளிக் வடிவத்துக்கு பிளாஸ்டிசிடின் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமும், ஃபிளியோமைசின் 5 மைக்ரோகிராமும் நல்ல தொடக்க அளவுகள். உங்கள் செல்வரிசைக்கு ஏற்ப முன்கூட்டியே சோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். 24 கிணறுகளில் வெவ்வேறு நீர்ப்புகளில் பகிர்ந்து வைத்தால், அதிக நீர்ப்பில் வளர்பவை ஒரே மூதாதையிலிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று முதல் இரண்டு வாரங்களில் சில கிணறுகளில் நீந்தும் செல்கள் தெரியும். இந்த ஒட்டுண்ணி இருமயம் என்பதால் இரு மரபணுப் படிகளில் ஒன்றுக்கு மட்டுமே டேக் கிடைத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: சரிபார்ப்பு

மருந்தில் உயிரோடிருப்பது மட்டும் போதாது. மரபணுவில், ப்ரைமரின் 80-க்கு வெளியே ஒட்டும் ஒரு ப்ரைமரையும் டேக்குக்குள் ஒட்டும் ஒன்றையும் கொண்டு பிசிஆர் செய்தால், துண்டு சரியான இடத்தில்தான் அமர்ந்ததா என்பது தெரியும். அடுத்து வெஸ்டர்ன் பிளாட்: பட்டை, புரதத்தின் எடையோடு டேக்கின் ஏறத்தாழ 27 கிலோடால்டனும் அதனுடன் சேர்ந்த சிறு டேக்குகளின் எடையும் கூடிய இடத்தில் இருக்க வேண்டும். 27-க்கு அருகில் மட்டும் பட்டை தெரிந்தால், செல் டேக்கைக் கத்தரித்துவிட்டது. அப்படித் தனித்துவிட்ட ஒளிரும் புரதம் சைட்டோபிளாசத்திலும், துளைகள் வழியே உட்கருவிலும் பரவும் அளவுக்குச் சிறியது. நுண்ணோக்கியில் சைட்டோபிளாசமும் உட்கருவும் சேர்ந்து மங்கலாக ஒளிர்ந்தால் முதலில் இதையே ஐயுற வேண்டும்.

எட்டாம் படி: நுண்ணோக்கி

செல்களை ஊடகத்திலிருந்து கழுவி, ஹோக்ஸ்ட் 33342 சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் அமரவைத்து, உயிருடனேயே சில நிமிடங்களுக்குள் படமெடுங்கள். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் ஒளிரும் புரதத்தின் ஒளி குறையும். நிலைப்படுத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் டிஒய் எதிர்ப்பொருளை நாடலாம். டேக் இடாத தாய்ச்செல்களையும் அதே ஒளி நேரத்தில் படமெடுத்து, அதே அளவுக்கு மட்டும் பிரகாசத்தைக் கூட்டிக் காட்டுங்கள். மங்கலான சமிக்ஞை என்று கொண்டாடப்பட்டவை பல, செல்லின் சொந்தத் தன்னொளிர்வாகவே முடிந்திருக்கின்றன.

படத்தைப் படிப்பதற்கு இந்தச் செல்லின் அமைப்பே உதவும். ஹோக்ஸ்ட் சாயம் இரண்டு புள்ளிகளைக் காட்டும்: பெரியது உட்கரு, சிறியது ஒரே மைட்டோகாண்ட்ரியனின் டி.என்.ஏ.வைத் திரட்டி வைத்திருக்கும் கைனெட்டோபிளாஸ்ட். செல் சுழற்சியில் சிறியது முதலில் பிரிகிறது. ஆகவே ஒன்றும் ஒன்றும், இரண்டும் ஒன்றும், இரண்டும் இரண்டும் என்று எண்ணியே செல் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதைச் சொல்லிவிடலாம். இதற்கென எந்த மருந்தாலும் செல்களை ஒத்திசைக்க வேண்டியதில்லை. கைனெட்டோபிளாஸ்ட்டை ஒட்டிய ஒளிப்புள்ளி கசையிழையின் அடித்தளமாக இருக்கலாம். உட்கருவுக்கும் கைனெட்டோபிளாஸ்ட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருப்பது எண்டோசோமோ லைசோசோமோ ஆகலாம். அமிலத்தன்மை மிக்க லைசோசோமுக்குள் எம்-நியான்கிரீன் மங்கும் என்பதால், அங்கே ஒளி குறைவது புரதம் குறைவதைக் குறிக்காது.

செல் முழுவதும் சிதறிய புள்ளிகள்தான் அதிகம் குழப்புபவை. கிளைக்கோசோம், அசிடோகால்சிசோம் (கால்சியம் சேமிக்கும் சிற்றுறுப்பு), எண்டோசோம் மூன்றும் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தெரியும். ஊகிக்காமல், அதே செல்லில் இருப்பிடம் ஐயமற்ற மற்றொரு புரதத்துக்குச் சிவப்பு ஒளிரும் டேக்கை வேறொரு மருந்தெதிர்ப்புடன் இட்டு, இரண்டும் ஒன்றுசேர்கின்றனவா என்று பாருங்கள். செல்லின் உட்சட்டகமான எலும்புக்கூட்டில் பிணைந்த புரதமா என்ற கேள்விக்கு, வீரியம் குறைந்த சோப்புக் கரைசலால் சவ்வைக் கரைத்துவிட்டுப் படமெடுப்பது எளிய விடை. நுண்குழல்களும் கசையிழையும் எஞ்ச, கரையும் புரதங்கள் அனைத்தும் வெளியேறியிருக்கும்.

டேக் புரதத்தின் வேலையைக் கெடுத்ததா என்பதற்குக் கடினமான, ஆனால் உறுதியான சோதனை ஒன்று உண்டு. அப்புரதம் இல்லாமல் செல் வாழ முடியாது என்று தெரிந்தால், டேக் இடாத மற்ற மரபணுப் படியை நீக்கிப் பாருங்கள். செல் இயல்பாக வளர்ந்தால், டேக் இட்ட புரதம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

வேறு ஒட்டுண்ணிகளுக்கு மாற்ற வேண்டியவை

லெய்ஷ்மேனியா இதற்கு நெருங்கிய உறவு. அதன் டோனோவனி இனத்தின் பெயருக்குரிய சார்லஸ் டோனோவன் 1903-இல் சென்னையில் பணியாற்றியபோதுதான் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார். லெய்ஷ்மேனியாவுக்கு 2017-இல் வந்த லெய்ஷ்ஜி-எடிட் முறையில், காஸ்9 நொதி குரோமோசோமை வெட்டித் தருவதால் ப்ரைமரில் ஒத்தவரிசை 30 நியூக்ளியோடைடு இருந்தாலே போதுமானது. ப்ரைமர் செலவு குறையும். ஆனால் காஸ்9-ஐ வெளிப்படுத்தும் தாய்ச்செல்வரிசை முதலில் வேண்டும்.

டாக்ஸோபிளாஸ்மாவில் கதை வேறு: அது வெளியிலிருந்து வரும் டி.என்.ஏ.வைக் கண்ட இடத்தில் ஒட்டிவைத்துவிடும். 2009-இல், இப்படி ஒட்டுவதற்கு உதவும் கேயு80 மரபணுவை நீக்கிய செல்வரிசைகள் வந்த பிறகே சொந்த இடத்தில் டேக் இடுவது அங்கே வழக்கமானது. மலேரியாவின் பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரத்தில் மரபணுத்தொகுதியின் ஏறத்தாழ 80 விழுக்காடு ஏ, டி என்ற இரு எழுத்துகளாலேயே ஆனது. ப்ரைமர் வரைவதே அங்கே பாதி போராட்டம். செலுத்திய பிளாஸ்மிட் குரோமோசோமில் சேராமல் தனியே மிதந்துகொண்டே மருந்தை எதிர்ப்பதும் உண்டு. அதனால் அங்கே வேறொரு மருந்துக்கான இரண்டாம் எதிர்ப்பு மரபணுவை டேக்கின் பின்னால், தனித்தனிப் புரதங்களாகப் பிரிக்கும் ஒரு சிறு தொடர் வழியாக இணைத்துவிடுகிறார்கள். பிளாஸ்மிட் சரியான மரபணுவில் சேர்ந்தால் மட்டுமே அந்த எதிர்ப்பு வெளிப்படும், மிதந்து திரிபவை இரண்டாம் மருந்தில் இறந்துபோகும்.